ரீல்ஸில் வரும் ஜியு-ஜிட்சு, ராத்திரி பத்து மணி அம்மாபேட்டையில் வேலைக்கு ஆகுமா?

சேலம் சின்னக்கடை வீதி பக்கம் ஜவுளிக்கடை ஷட்டர் இறங்க ராத்திரி ஒன்பதரை ஆகிடும். பிரித்துப் போட்ட சேலையையெல்லாம் மறுபடி மடித்து அடுக்கிவிட்டு, கால் கடுக்க பஸ் ஏறும் பெண்களில் பலருக்கு வீடு அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை பக்கம்தான். ஸ்டாப்பில் இறங்கி சந்துக்குள் நுழைந்தால் ரெண்டு பக்கமும் தறிச் சத்தம். பகலில் அது காதுக்குப் பழகிப்போன சத்தம். ராத்திரி பத்து மணிக்கு மட்டும் வேற மாதிரி கேட்கும். இங்கே நின்னு கத்தினா யார் காதுல விழும்?

இந்தக் கேள்வி மனசில் ஓடும்போதுதான் போனில் அந்த ரீல் வரும். 'யாராவது கையைப் பிடிச்சா இப்படி ஒரு திருப்பு, அப்படி ஒரு முறுக்கு, ஆள் குளோஸ்!' பதினைந்து செகண்ட் வீடியோ. பிடித்தவர் பாவம், முறுக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, முறுக்கியதும் அழகாக விழுவார். கமென்ட்டில் எல்லோரும் 'யூஸ்ஃபுல்' என்று போட்டிருப்பார்கள்.

நானும் ஒரு ரீலைப் பார்த்துவிட்டு சித்தப்பா பையனிடம் போய் "டேய், என் கையைப் பிடி" என்றேன். பத்து வருஷமாகத் தறி ஓட்டுகிறவன். பிடித்தான். ரீலில் சொன்ன மாதிரியே முறுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் வேகமாக முறுக்கினேன். என் மணிக்கட்டுதான் சுளுக்கிக்கொண்டது. "அக்கா, விட்டுடட்டா?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தெருவில் பிடிக்கிறவன் அப்படிக் கேட்க மாட்டானே.

ஜியு-ஜிட்சு உண்மையிலேயே நல்ல கலை. தன்னைவிடப் பெரிய ஆளைச் சமாளிக்க என்றே யோசித்து யோசித்துச் செதுக்கியது. ஆனால், அதில் எது நிஜமாக வேலை செய்யும், எது கேமராவுக்கு முன்னால் மட்டும் வேலை செய்யும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஜப்பான்ல பொறந்து பிரேசில்ல வளர்ந்த புள்ள

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய மொழியில் 'ஜூ' என்றால் மென்மை, வளைந்து கொடுப்பது. 'ஜிட்சு' என்றால் கலை. ஜப்பானில் சாமுராய்கள் காலத்திலிருந்து இருந்த பல ஜூஜுட்சு முறைகளைப் படித்த ஜிகோரோ கானோ, ஆபத்தானவற்றைக் கழித்துவிட்டு, முழு பலத்தோடு பயிற்சி செய்யக்கூடியவற்றை மட்டும் வைத்து 1882-ல் கோடோகான் என்ற பள்ளியைத் தொடங்கினார். அதுதான் ஜூடோ. அந்தப் பள்ளியிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய மித்சுயோ மயேடா 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கற்றுக்கொண்ட கார்லோஸ் கிரேஸி 1925-ல் ரியோவில் பயிற்சிக்கூடம் திறந்தார். கார்லோஸின் தம்பி ஹீலியோ ஒல்லியான ஆள். பலத்தை நம்பும் பிடிகள் அவருக்குச் சரிவராததால், தரையில் படுத்தபடி நெம்புகோல் மாதிரி உடம்பைப் பயன்படுத்தும் முறைகளில் இறங்கினார் என்று அந்தக் குடும்பம் சொல்லும்.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் முதல் யு.எஃப்.சி போட்டி. குத்துச்சண்டை, கிக் பாக்ஸிங், சுமோ என்று ஆளுக்கொரு கலையில் பெரிய பெரிய உருவங்கள். நடுவில் சுமார் 80 கிலோவில், பைஜாமா மாதிரி வெள்ளை உடுப்போடு ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேஸி. ஒரே ராத்திரியில் மூன்று பேரை ஜெயித்தார். அன்றிலிருந்துதான் உலகமே இந்தப் பக்கம் திரும்பியது.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது லண்டன் கதை. எடித் காரூட் என்ற பெண், உயரம் ஐந்து அடிகூட இல்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர்களைப் போலீஸ் அடித்து இழுத்துப் போன காலம் அது. 1913 வாக்கில், போராட்டத் தலைவிகளைச் சுற்றி நிற்க பெண்களே கொண்ட ஒரு பாதுகாப்புப் படை உருவானது. அவர்களுக்கு ஜூஜுட்சு சொல்லிக்கொடுத்தவர் எடித். நீளப் பாவாடையோடு போலீஸ்காரர்களைத் தூக்கிப்போட்ட பெண்களை அன்றைய பத்திரிகைகள் கார்ட்டூன் போட்டே ஓய்ந்தன.

இந்தியாவுக்கும் இது புதுசு இல்லை. தாகூர் 1929-ல் கோடோகானின் ஷின்சோ தகாகாகியை சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். பையன்களோடு பெண்களும் கற்றுக்கொண்டார்கள். நோபல் பரிசு வாங்கிய அமர்த்தியா சென்னின் அம்மா அமிதா சென், அந்தக் காலத்திலேயே அங்கே ஜூடோ படித்தவர். நம்ம பாட்டி காலத்துப் பெண்கள்!

நம்ம ஊர்ல இது இல்லையா?

இருந்தது. மாமல்லபுரத்துக்கு அந்தப் பெயரே முதலாம் நரசிம்மவர்மன் வைத்துக்கொண்ட 'மாமல்லன்', அதாவது பெரிய மல்யுத்த வீரன், என்ற பட்டத்தால் வந்தது. அதற்கும் முன்னால், புறநானூற்றின் 80-வது பாட்டில் ஒரு காட்சி உண்டு. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூரில் ஒரு மல்லனோடு மோதுகிறான். ஒரு காலை அவன் மார்பில் ஊன்றியிருக்கிறான். இன்னொரு கால் பின்பக்கம், அவன் தந்திரங்களைத் தடுத்தபடி. பாடியவர் சாத்தந்தையார். இன்றைக்கு எந்த ஜியு-ஜிட்சு கிளாஸுக்குப் போனாலும், கீழே கிடப்பவரின் நெஞ்சிலோ வயிற்றிலோ ஒரு முட்டியை அழுத்தி, மறு காலைத் தள்ளி ஊன்றி நிற்கும் பொசிஷன் ஒன்றைச் சொல்லித் தருவார்கள். பாட்டைப் படித்துவிட்டு அதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். இரண்டாயிரம் வருஷ பழைய ஸ்கிரீன்ஷாட்.

அதற்காக 'எல்லாமே இங்கிருந்துதான் போச்சு' என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு ரேஞ்சுக்குப் போக வேண்டாம். மனுஷ உடம்புக்கு எல்லா ஊரிலும் அதே முட்டிதான், அதே முழங்கைதான். பிடித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம்ம குத்துவரிசையோடு சேர்ந்து வரும் பிடிவரிசையிலும் மணிக்கட்டு, முழங்கைப் பூட்டுகள் நிறைய உண்டு.

ஒரு சின்ன ஒற்றுமை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் சண்டை எப்படி ஆரம்பிக்கும்? முதலில் சட்டைக் காலரைப் பிடிப்போம். 'கீ' என்கிற அந்தத் தடிமனான பருத்தி உடுப்பைப் போட்டுக்கொண்டு ஜியு-ஜிட்சுக்காரர் முதலில் தேடுவதும் காலரைத்தான். அவர் அங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பார். நாம பிடித்தபடியே திட்டிக்கொண்டு நிற்போம், வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, கையைப் பிடிச்சா?

என் சுளுக்குக்கு வருவோம். நான் செய்த தப்பு, கையை மட்டும் வைத்து அவன் கையோடு மல்லுக்கட்டியது. அவன் பிடி என் பிடியைவிட மூன்று மடங்கு. நூறு தடவை செய்தாலும் தோற்பேன்.

பிடித்திருக்கும் கையைக் கவனியுங்கள். நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம். ரெண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு இடைவெளி. அந்தப் பிடியிலேயே பலவீனமான இடம் அதுதான். உங்கள் முன்கை ஒரு தட்டையான கட்டை மாதிரி. அகலமான பக்கம் ஒன்று, ஒல்லியான விளிம்பு ஒன்று. ஒல்லியான விளிம்பு அந்த இடைவெளிக்கு நேராக வரும்படி கையைத் திருப்பி, முழங்கையை மடக்கி, அவரை நோக்கி ஒரு அடி உள்ளே வைத்து, உடம்பு மொத்தத்தையும் திருப்ப வேண்டும். பின்னால் இழுக்கக் கூடாது; இழுத்தால் அது கயிறு இழுக்கும் போட்டி ஆகிவிடும். உள்ளே போனால் உங்கள் முழு உடம்பு வெயிட்டும் அவருடைய ஒரு கட்டைவிரலும் மோதுகின்றன. அந்தப் போட்டியில் கட்டைவிரல் தோற்கும்.

அவர் ரெண்டு கையாலும் உங்கள் ஒரு கையைப் பிடித்திருந்தால், உங்கள் மறு கையால் சொந்த முஷ்டியைப் பற்றிக்கொண்டு, முழங்கையை அவர் பக்கம் தள்ளியபடி மேலே உருவ வேண்டும். இதையும் தம்பியிடம் செய்து பார்த்தேன். முதல் நாள் வரவில்லை. நாலாவது நாள் வந்தது. அவன் முழு பலத்தோடு பிடித்தபோது வர இன்னும் ரெண்டு வாரம் ஆனது. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கை விடுவிப்புக்கே ரெண்டு வாரம்.

கை விட்டுப்போனதும் என்ன? ஓடணும். நின்று அடுத்த டெக்னிக்கைக் காட்டுவது படத்தில் ஹீரோவுக்கு. நமக்கு வெளிச்சம் இருக்கிற இடம், டீக்கடை, மருந்துக்கடை, ஆள் இருக்கிற தறிக்கூடம். அந்தச் சந்தில் தறிச் சத்தம் கேட்கிறது என்றால் உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்றும் அர்த்தம். கதவைத் தட்டுங்கள்.

கீழே விழுந்த பிறகுதான் பாடமே

மற்ற பல கலைகள் நின்றபடி அடிக்கச் சொல்லித்தரும். ஜியு-ஜிட்சு கேட்கும் கேள்வி வேற: 'நீ கீழே கிடக்கிறாய், அவன் மேலே உட்கார்ந்திருக்கிறான். இப்போ?' ஒரு பெண்ணுக்கு மிக மோசமான நிலை எதுவோ, அங்கிருந்துதான் அது பாடத்தை ஆரம்பிக்கிறது. தற்காப்பு என்ற கோணத்தில் பார்த்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே மற்றவற்றைவிட இதற்கு நான் ரெண்டு மார்க் கூடப் போடுவேன்.

முதல் பாடம் இடுப்பு. நம்மில் பலரும் மேலே இருப்பவரைக் கையால் தள்ளுவோம். கை சீக்கிரம் சோர்ந்துவிடும். நீட்டிய கையை அவர் பிடித்துக்கொள்வார். ஜியு-ஜிட்சுவில் கை தள்ளுவதற்கு இல்லை, இடைவெளியைக் காப்பாற்றுவதற்கு. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, முன்கையை அவருடைய இடுப்பிலோ தோளிலோ கழுத்திலோ முட்டுக்கட்டையாக வைப்பது. லாரிச் சக்கரத்துக்குக் கீழே கட்டை வைப்பார்களே, அது மாதிரி. கட்டை லாரியைத் தள்ளாது, உருளவிடாது, அவ்வளவுதான்.

அந்த இடைவெளி கிடைத்ததும் இறால் மாதிரி நகர வேண்டும். நிஜமாகவே இதற்கு 'ஷ்ரிம்ப்' என்றுதான் பெயர். ஒருக்களித்து, பாதத்தைத் தரையில் ஊன்றி உதைத்து, இடுப்பைப் பின்பக்கமாகத் தள்ளுவது. உடம்பு வளைந்து இறால் மாதிரியே இருக்கும். முதல் நாள் கிளாஸில் ஹால் நீளத்துக்கு இதைச் செய்யச் சொல்வார்கள். அசிங்கமாக இருக்கும், மூச்சு வாங்கும், 'இதுக்கா வந்தோம்' என்று தோன்றும். ஆனால், இதுதான் அஸ்திவாரம். இடுப்பு நகர்ந்தால் முட்டியை உள்ளே நுழைக்கலாம். முட்டி நுழைந்தால் கால் வரும். ரெண்டு காலும் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். பெண்ணாக இருந்தாலும் ஒல்லிப் பையனாக இருந்தாலும் நம்ம உடம்பில் பலமானது கால்தான்.

வயிற்றின் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்து கழுத்தைப் பிடிக்கிறார் என்று வையுங்கள். அதற்கு 'பிரிட்ஜ் அண்டு ரோல்'. அவருடைய ஒரு கையை, மணிக்கட்டும் முழங்கையும் சேர்த்து, உங்கள் நெஞ்சோடு அணைத்துப் பூட்டுங்கள். அதே பக்கத்துக் காலை உங்கள் பாதத்தால் வெளியிலிருந்து மடக்கி அடைத்துவிடுங்கள். இப்போது அந்தப் பக்கம் அவருக்கு ஊன்றக் கையும் இல்லை, காலும் இல்லை. நாலு காலில் ரெண்டு உடைந்த ஸ்டூல். இடுப்பை வானத்தைப் பார்த்து முடிந்த அளவு உயர்த்தி, அந்தப் பக்கத்துத் தோளின் மேலாக உருளுங்கள். நேராகப் பக்கவாட்டில் உருண்டால் வராது, முதலில் மேலே, அப்புறம்தான் பக்கம். கையைப் பூட்டாமலோ காலை அடைக்காமலோ உருண்டால், அவர் ஊன்றிக்கொண்டு சிரிப்பார். என் முதல் இருபது முயற்சியும் அப்படித்தான் போனது.

அடுத்தது எழுந்து நிற்பது. இதில் என்ன டெக்னிக் என்று கேட்காதீர்கள். எதிரில் ஆள் நிற்கும்போது நாம் எப்படி எழுந்திருப்போம்? குனிந்து, ரெண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை அவருக்கு நேராகக் கொடுத்து. நல்ல உதை வாங்கும் போஸ். ஜியு-ஜிட்சுவில், ஒரு கையைப் பின்னால் ஊன்றி, எதிர்ப்பக்கத்துப் பாதத்தைத் தரையில் பதித்து, மறு கையால் முகத்தை மறைத்து, மறு காலை அவரை நோக்கி நீட்டி, கிட்டே வந்தால் முட்டியில் உதைக்கத் தயாராக இருப்போம். சமயம் பார்த்து இடுப்பைத் தூக்கி, நீட்டிய காலை அடியில் இழுத்துப் பின்னால் வைத்து எழுவோம். முகம் கடைசிவரை அவரைப் பார்த்தே இருக்கும். மொத்த ஜியு-ஜிட்சுவிலும் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன். வீட்டில் பாய் விரித்துத் தனியாகவே பழகலாம்.

பின்னாலிருந்து முழங்கை மடிப்பில் கழுத்தை இறுக்குவது தனி ரகம். அது மூச்சை நிறுத்துவதில்லை. கழுத்தின் ரெண்டு பக்கமும் மூளைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்துகிறது. சரியாக விழுந்தால் பத்து செகண்டுக்குள் நினைவு போய்விடும். அதனால் நெற்றியில் அடிப்பது, காலை மிதிப்பது எல்லாம் அப்புறம். முதல் வேலை, ரெண்டு கையாலும் அந்த ஒரு கையைப் பிடித்துக் கீழே இழுத்துத் தொங்குவது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முகத்தை அவருடைய முழங்கைப் பக்கம் திருப்புவது. ஒரு விஷயம், இந்தக் கழுத்துப் பிடியை ஃப்ரெண்ட்ஸோடு மாடியில் வைத்து விளையாட்டாகப் பழகாதீர்கள். மாஸ்டர் இல்லாமல் கூடவே கூடாது. கிளாஸில் 'டேப்' என்ற வழக்கம் உண்டு. தாங்கவில்லை என்றால் எதிராளியையோ தரையையோ ரெண்டு தட்டு. அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அந்த ஒழுங்கு இருப்பதால்தான் வாரத்துக்கு மூன்று நாள் முழு பலத்தோடு மோதியும் மறுநாள் வேலைக்குப் போக முடிகிறது.

ஹீலியோ கிரேஸியே 1951-ல் ஜப்பானின் கிமுராவிடம் அதில் அடம்பிடித்தார். கை பூட்டில் மாட்டியும் தட்டவில்லை; அவர் பக்கத்தில் இருந்தவர்கள்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பூட்டுக்கு இன்றுவரை 'கிமுரா' என்று பெயர். ஜெயித்தவர் பெயரைத் தோற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும். அடம் வேண்டாம்.

எது இதால முடியாது?

கத்தி. கத்தியைத் தட்டிவிடும் ரீல்ஸ் எல்லாம் பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செயினோ போனோ கேட்டால் கொடுத்துவிடுங்கள். ரெண்டு மூன்று பேர் சேர்ந்து வந்தால் தரையில் சண்டை போடுவது தற்கொலை. ஒருவரைப் பிடித்துக் கிடக்கும்போது இன்னொருவர் தலையில் உதைப்பார். பைக்கில் வந்து செயினைப் பறிப்பவனிடம் எந்தக் கலையும் செல்லாது. அங்கே உதவுவது ஒன்றுதான், எப்படி விழுவது என்று தெரிந்திருப்பது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, தலை தரையில் மோதாமல், கையை ஊன்றி ஒடித்துக்கொள்ளாமல் விழுவது. ஜூடோ, ஜியு-ஜிட்சு கிளாஸில் ஆரம்ப நாட்களிலேயே சொல்லித்தருவார்கள். மழைக்காலத்தில் ரோட்டுக் குழியில் வண்டி சறுக்கும்போதும் இது கைகொடுக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சந்து இருட்டில் நிற்கும் அந்நியனை நினைத்துத்தான் நாம் பயப்படுகிறோம். ஆனால், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் பாலியல் வல்லுறவு வழக்குகளைப் பாருங்கள். வருஷா வருஷம் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர், காதலன். அங்கே முதல் தடை பலம் இல்லை. 'இவர்கிட்ட எப்படி சத்தம் போடுறது' என்ற தயக்கம்தான்.

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதல் வருஷ மாணவிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. சார்லீன் சென் தலைமையில் நடந்த அது 2015-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி, இன்னொரு குழுவுக்குக் கையேடுகள் மட்டும். அடுத்த ஒரு வருஷத்தில் வல்லுறவுக்கு ஆளானவர்கள் கையேடு வாங்கிய குழுவில் 9.8 சதவிகிதம், பயிற்சி எடுத்த குழுவில் 5.2 சதவிகிதம். அந்த 12 மணி நேரமும் அடி உதை இல்லை. தெரிந்தவர் எல்லை மீறும்போது அதை எப்படிச் சீக்கிரம் அடையாளம் காண்பது, 'அவர் மனசு நோகுமே' என்ற எண்ணத்தை எப்படித் தாண்டுவது, எப்படி வாயால் மறுப்பது என்பதும் அதில் பெரும்பங்கு. உடம்பால் தற்காத்துக்கொள்வது அதோடு சேர்ந்து வந்தது.

நம்ம ஊர் வழக்கத்தையும் இங்கே சொல்லணும். பஸ்ஸில் ஒருவன் வேண்டுமென்றே இடிப்பான். நாம "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா" என்போம். இடிக்கிறவனுக்கு ரெண்டு அண்ணா! மரியாதை நம்ம ஊர்ப் பழக்கம், தப்பு சொல்லவில்லை. ஆனால், "கையை எடுய்யா!" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்லவும் பயிற்சி வேண்டும். அதுவும் ஒரு டெக்னிக்தான். கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது.

திருப்பி அடிச்சா கேஸ் ஆகுமா?

பலரும் கேட்கும் கேள்வி. 2024 ஜூலை 1-லிருந்து அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உங்கள் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமல்ல, இன்னொருவரைக் காப்பாற்றவும் அந்த உரிமை உண்டு. ஆனால், 37-வது பிரிவு ஒரு கோடு போடுகிறது: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காயப்படுத்தக் கூடாது. உயிருக்கு ஆபத்து, வல்லுறவு, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களில் உரிமை எதுவரை நீளும் என்று 38-வது பிரிவு சொல்கிறது. அங்கே எதிராளியின் உயிர் போனாலும் தற்காப்பாகவே கருதப்படலாம். நடைமுறையில் இதற்கு அர்த்தம், கையை விடுவித்துக்கொண்டு ஓடினால் நீங்கள் பாதுகாப்பான பக்கம். அவன் ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப் பிடித்துக் கையை உடைத்தால், அது தற்காப்பு இல்லை.

பசங்களுக்கும் இதுதான். ரெண்டு மாசம் கிளாஸ் போய்விட்டு டீக்கடையில் யாராவது முறைத்தால் சோதித்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம் தம்பி.

போனில் 112 அவசர உதவி, 181 பெண்கள் உதவி எண். தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' ஆப்பையும் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றினால் போதாது, ஒருமுறை திறந்து விவரங்களை நிரப்பி வையுங்கள். பதற்றத்தில் ஓ.டி.பி-க்காகக் காத்திருக்க முடியாது.

அம்மாபேட்டையிலிருந்து எங்கே போய்க் கத்துக்கிறது?

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூடங்கள் சென்னை, பெங்களூரு மாதிரி ஊர்களில்தான் எளிதாகக் கிடைக்கின்றன. அதற்காகச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. ஜூடோ இதற்கு அண்ணன் முறை. விழுவது, தூக்கிப்போடுவது, தரையில் அழுத்திப் பிடிப்பது எல்லாம் அதிலேயே உண்டு. மல்யுத்தமும் நல்லதுதான். மகாத்மா காந்தி ஸ்டேடியத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஜூடோ, மல்யுத்தப் பயிற்சி எங்கே நடக்கிறது என்று நேரில் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் தங்கை இருந்தால், சமக்ர சிக்ஷா திட்டத்தில் மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு. அவள் பள்ளியில் நடக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள்.

எந்தக் கலை என்பதைவிட, எப்படிப் பயிற்சி தருகிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஒரு நாள் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். எதிராளி நிஜமாக எதிர்க்கிறாரா, இல்லை ரீல்ஸ் மாதிரி விழுந்து கொடுக்கிறாரா? ஜியு-ஜிட்சுவில் கிளாஸ் கடைசியில் 'ரோலிங்' என்று ரெண்டு பேர் நிஜமாக மோதிப் பார்ப்பார்கள். ஜூடோவில் அதுவே 'ரண்டோரி'. இது இல்லாத கிளாஸில் எத்தனை வருஷம் இருந்தாலும் என் சுளுக்குதான் உங்களுக்கும். புதுசாக வந்தவரைப் பழைய ஆட்கள் மெதுவாகக் கையாள்கிறார்களா, டேப் செய்ததும் விடுகிறார்களா, பெண்கள் தொடர்ந்து வருகிறார்களா என்றும் பாருங்கள். பெண்கள் ஒரு மாதத்தில் நின்றுவிடுகிற கிளாஸ் என்றால் காரணம் இருக்கும். 'ஒரே நாளில் தற்காப்பு, சான்றிதழுடன்' என்று போஸ்டர் பார்த்தால் நடையைக் கட்டுங்கள்.

உடம்பைத் தொட்டுப் பழகும் கலை என்பதால் வீட்டில் எதிர்ப்பு வரும். "பசங்களோட உருண்டு பொரள்றதா?" என்று அம்மா கேட்பார். பெண்களுக்குத் தனி பேட்ச் இருந்தால் அதில் ஆரம்பிக்கலாம். அம்மாவையும் ஒரு நாள் கூட்டிப்போய் ஓரமாக உட்கார வையுங்கள். பத்து நிமிஷத்தில் அவருக்கே தெரிந்துவிடும், அங்கே மூச்சு வாங்குவதைத் தவிர வேற எதுக்கும் யாருக்கும் நேரம் இல்லை என்று.

எவ்வளவு நாள் ஆகும்? ஜியு-ஜிட்சுவில் வெள்ளை, நீலம், ஊதா, பிரவுன், கறுப்பு என்று பெல்ட். கறுப்புக்குப் போக பத்து வருஷம் ஆவது சாதாரணம். தற்காப்புக்கு அவ்வளவு வேண்டாம். வாரம் ரெண்டு நாள், ஆறு மாதம் விடாமல் போனால், மேலே சொன்ன நாலைந்து விஷயங்கள் யோசிக்காமலே வர ஆரம்பிக்கும் என்பது என் அனுபவம். கண்ணால் பார்த்துச் செய்வது குறைந்து, தொடுதலை வைத்தே உடம்பு நகரும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் ஜெயித்த கபில் பர்மார் பார்வைக் குறைபாடு உள்ளவர். பிடித்த கை சொல்லும் தகவலே அவருக்குப் போதும். இருட்டுச் சந்துக்கு இதைவிடப் பொருத்தமான கலை எனக்குத் தெரியாது.

முதல் நாள் போகும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். ஃபுல் ஹேண்ட் டி-ஷர்ட், பாக்கெட் இல்லாத டிராக் பேன்ட், முடிக்கு ரப்பர் பேண்ட். கம்மல், மோதிரம், செயின் வேண்டாம். அப்புறம், சேலத்துப் பெண்களுக்கு மட்டும் ஒரு எக்ஸ்ட்ரா வரி: கொலுசைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நான் மறந்துபோய்ப் போட்டுக்கொண்டு போனேன். இறால் மாதிரி நகர்ந்தபோது மேட்டில் மாட்டி, ஒரு பக்கக் கொலுசு அறுந்தது. பற்றவைக்க எடுத்துப் போன கடையில் "எப்படிம்மா அறுந்துச்சு?" என்று கேட்டார்கள். சொன்னேன். நம்பவில்லை.